உருளைக்கிழங்கும் நாவற்குடாவின் காலையுணவும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னர்தம் போர்களும் ஒப்பந்தங்களும் கோட்டைகளின் வீழ்ச்சியுமே வரலாறு என்னும் எண்ணம் அறிஞரிடையே நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. மக்கள் எதனை உண்டனர், அவ்வுணவு எவ்வழியாக அவர்தம் அடுப்பை அடைந்தது, அதன் விலையைத் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாக்கள் பிற்காலத்திலேயே கவனத்தைப் பெற்றன. ஆயின், ஆண்டோரின் ஆணை குடிமக்களின் வாழ்வை எவ்வளவிற்குத் தொட்டது என்பதைக் கோட்டை மதிலைக் காட்டிலும் அடுப்பங்கரையே தெளிவாகக் காட்டும். நாவற்குடா இல்லங்களிற் காலை வேளையில் முறுகப் பொரிக்கப்படும் உருளைக்கிழங்கு இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, மேற்கில் வாவியும் கிழக்கிற் கடலும் எல்லைகளாக அமைந்த ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில், கல்லடி, நொச்சிமுனை ஆகிய ஊர்களை அடுத்து நாவற்குடா அமைந்துள்ளது. வாவி தரும் மீனும் இறாலும் நண்டும், அக்கரையிலுள்ள படுவான்கரை வயல்களின் நெல்லும், எருமைத் தயிரும், தென்னையின் பயனும் இப்பகுதி உணவின் அடிப்படைகளாகும். பழஞ்சோறும் தயிரும், பிட்டு, இடியப்பம், ரொட்டி என்பனவும், அவித்த கிழங்கு வகைகளும் காலையுணவாக வழங்கிவந்துள்ளன. இவை பெரும்பாலும் அயலில் விளைந்த பொருள்களாலானவை. உருளைக்கிழங்கோ இம்மணலில் விளைவதன்று. கிழங்கு திரளுதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசிற்கு மேற்செல்லச் செல்ல விளைவு குன்றும். எனவே நாவற்குடாவிற் பொரிபடும் ஒவ்வொரு கிழங்கும் வெளியிடத்திலிருந்து வந்ததேயாகும். அது வந்த வழியை ஆராய்வது பயனுடையது.

உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதியாகும். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையிலுள்ள தித்திகாகா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலங்களில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் இதனைப் பயிரிட்டனர் என்பர். அம்மலைவாழ் மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டுப் பகலில் மிதித்து நீரகற்றி உலர்த்தி, ஆண்டுக்கணக்காகப் பேணும் முறையையும் அறிந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் அந்நிலங்களைக் கைப்பற்றிய இசுப்பானியர் வாயிலாகக் கிழங்கு ஐரோப்பாவை அடைந்தது. தொடக்கத்தில் ஐயுறவோடு நோக்கப்பட்ட இக்கிழங்கு காலப்போக்கில் ஏழைகளின் பேருணவாயிற்று. சுவிற்சர்லாந்தின் பேர்ண் பகுதி உழவர், அவித்த கிழங்கைத் துருவி முறுகப் பொரித்துக் காலையுணவாகக் கொண்டனர். அயர்லாந்திலோ ஏழை உழவர் இக்கிழங்கொன்றையே நம்பி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 1845 முதற் சில ஆண்டுகள் கருகல் நோய் பயிரை அழித்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே காலத்தில் அந்நாட்டின் தானியம் இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. ஓர் உணவை நம்பி வாழ்வதும், அவ்வுணவின் மீது அதிகாரமற்றிருப்பதும் ஒருங்கு சேருமிடத்து விளையும் கேட்டிற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இலங்கைக்கு இக்கிழங்கு வந்த வரலாற்றிற்குச் சொற்களும் சான்று பகர்கின்றன. சிங்கள மொழியில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘அர்த்தாபல்’ என்னும் சொல், மண்ணின் ஆப்பிள் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபாகும். போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை 1638இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் 1796 வரை இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டனர். சிங்களம் ஆண்டோரின் சொல்லை ஏற்றுக்கொள்ள, தமிழ் கிழங்கின் உருண்ட வடிவை நோக்கித் தன் சொல்லாலேயே பெயரிட்டுக்கொண்டது. பெயர் தமிழாயினும் பொருள் நீண்டகாலம் ஆங்கிலேயரின் மேசைக்கே உரியதாயிருந்தது. தமிழகத்தின் நீலகிரியில் 1820களில் யோன் சலிவனும், நுவரெலியாவில் 1840களின் இறுதியிற் சாமுவேல் பேக்கரும் ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளைக்கிழங்கையும் பயிரிட முனைந்தனர். தம் நாட்டுக் காலநிலையை நினைவூட்டிய மலைகளிற் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு உணவையும் அங்கு விளைவிக்க விரும்பியது இயல்பே.

மலைநாட்டு மேசையிலிருந்து வாவிக்கரை அடுப்பிற்குக் கிழங்கு வருதற்குப் போக்குவரத்து இன்றியமையாததாயிற்று. இவ்வகையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த இரு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கன. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம், வாவியாற் பிரிக்கப்பட்டிருந்த நாவற்குடா முதலிய ஊர்களை மட்டக்களப்பு நகரத்துக் கடைத்தெருவோடு இணைத்தது. 1928இல் மட்டக்களப்பை அடைந்த புகையிரதப் பாதை, அக்கடைத்தெருவைக் கொழும்புக் களஞ்சியங்களோடு இணைத்தது. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதி மலைநாட்டு விளைபொருள்களுக்கு வாயிலாயிற்று. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பொருள்கள் கொழும்பு வழியாகச் சிற்றூர்க் கடைகளை அடைந்தன. பெரிய வெங்காயத்தைப் ‘பம்பாய் வெங்காயம்’ என இன்றும் மக்கள் வழங்குவது அவ்வணிகத்தின் எச்சமேயாகும். 1942இற் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது கோதுமை மா நாடெங்கும் பரவிற்று. பாண் காலையுணவாக வேரூன்றிற்று. பாணுக்கும் ரொட்டிக்கும் துணையாக, மீன் கிடையாத நாள்களிலும் மரக்கறி உண்ணும் விரத நாள்களிலும், உருளைக்கிழங்குப் பொரியல் இல்லங்களில் இடம்பெற்றது.

அயலிலிருந்து வந்த பொருளை உள்ளூர்க் கை எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதே அடுத்து நோக்கற்பாலது. ஐரோப்பிய முறையில் வெண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் பொரிக்கப்பட்ட கிழங்கு, இங்கே தேங்காய் எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும் உரியதாயிற்று. கிழங்கை உப்பும் மஞ்சளும் இட்டு அரைவேக்காடாக அவித்து, நீரை வடித்து, ஆறவிட்டு, ஈரம் போக்கி, துண்டுகளாக்கித் தாச்சியிற் காய்ந்த எண்ணெயில் இடுவர். இட்டவுடன் கிளறாது, அடிப்பக்கம் பொன்னிறமாகும்வரை பொறுத்திருந்து புரட்டுவர். மிளகாய்த்தூள் கருகாதிருத்தற்பொருட்டு இறுதியிலேயே சேர்ப்பர். வெங்காயத்தைத் தனியே வதக்கிப் பின் கலப்பதும் உண்டு; உடன் இட்டால் அதன் நீர் கிழங்கை இளக்கிவிடும்.

இச்செயன்முறை ஒவ்வொன்றிற்கும் விஞ்ஞான விளக்கமுண்டு. அவிக்கும்போது மேற்புறத்து மாப்பொருள் நீரை ஏற்று இளகுகின்றது; ஆறி உலரும்போது இறுகி மெல்லிய ஓடு போலாகின்றது; காய்ந்த எண்ணெய் அவ்வோட்டின் நீரை வெளியேற்றி அதனை முறுகச் செய்கின்றது. பொன்னிறமும் மணமும், வெல்லமும் அமினோ அமிலமும் வெப்பத்தால் இணைவதன் விளைவு என்பதைப் பிரான்சிய அறிஞர் மையார் 1912இல் எடுத்துரைத்தார். எழுத்தறிவு வாய்க்காத மூதாட்டியரும் இவ்விளைவைத் தம் பட்டறிவாற் கைவரப்பெற்றிருந்தனர். குளிர்களஞ்சியத்தில் நெடுநாள் வைக்கப்பட்ட கிழங்கில் மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லமாக மாறிவிடும். அத்தகைய கிழங்கு எண்ணெயிற் பட்டதும் விரைந்து கறுத்து இனிக்கும். நீர்மிகுந்த இளங்கிழங்கோ முறுகாது துவளும். ஆதலாற் கிழங்கு கடந்துவந்த பாதையைக் கடைக்காரர் கூறாவிடினும், தாச்சி கூறிவிடும். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியாகவே வந்தது; ஆதலின் நூல்களை மட்டும் நாடும் வரலாற்றிற்கு இது எட்டுவதில்லை.

எனினும், பொரிக்கும் கையின் திறமையாற் கிழங்கின் விலையைக் கட்டுப்படுத்த இயலவில்லை. அது அரசின் கொள்கையாலேயே தீர்மானிக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில், அந்நியச் செலாவணியைச் சேமித்து உள்நாட்டுச் செய்கையை வளர்க்கும் நோக்குடன் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு இறக்குமதிக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிற்று. இதன் பயனாக வெலிமடை, நுவரெலியாப் பகுதிகளிலும், மாரிகாலக் குளிரைப் பயன்படுத்தி யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உருளைக்கிழங்குச் செய்கை செழித்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றாற் யாழ்ப்பாணத்துச் சிறு விவசாயிகள் நல்வாழ்வு பெற்ற காலம் அது. ஆயின் அதே ஆண்டுகள், அரிசியும் மாவும் அருகி, பாணுக்கு வரிசையில் நின்ற ஆண்டுகளுமாகும். கிழங்கை வாங்கியுண்ணும் வாவிக்கரை இல்லத்தில் உருளைக்கிழங்கு அரும்பொருளாயிற்று. மரவள்ளியும் வற்றாளையும் காலை அடுப்பிற்கு மீண்டன.

இங்கு ஒரு முரண்பாடு புலனாகின்றது. விளைவிப்போனின் வாழ்வு விலை உயர்வில் தங்கியிருக்க, வாங்குவோனின் வாழ்வு விலைக் குறைவில் தங்கியிருந்தது. ஒரே மொழி பேசும் யாழ்ப்பாணத்து விவசாயியும் நாவற்குடாக் குடும்பத் தலைவியும் இவ்விடயத்தில் எதிரெதிர் நலன்களை உடையோராயினர். 1977இன் பின் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையும், 1996இல் உருளைக்கிழங்கு இறக்குமதிக்கிருந்த உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டமையும் இம்முரண்பாட்டைத் தலைகீழாக்கின. வாங்குவோர்க்குக் கிழங்கு மலிந்தது, விளைவித்தோர் நலிந்தனர். தமிழர் பொருளாதாரம் என ஒன்றைப் பொதுமைப்படுத்திப் பேசுவோர், கமக்காரனின் கணக்கையும் வாங்கியுண்போரின் கணக்கையும் வேறுவேறாகப் பார்த்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

கொள்கையேயன்றி இயற்கையும் போரும் இவ்வுணவைப் பாதித்தன. 23.11.1978 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டதோடு இம்மாவட்டத்துத் தென்னைகளுட் பெரும்பகுதியையும் வீழ்த்திற்று. தென்னையை மீண்டும் நட்டுப் பயன்பெற ஆறேழு ஆண்டுகளாவது வேண்டும். அதுவரை வீட்டு முற்றத்துத் தேங்காயிலிருந்து கிடைத்த எண்ணெயும் கடையை நாடவேண்டிய பொருளாயிற்று. முன்னர்க் கிழங்கொன்றே விலைக்கு வந்தது; இப்போது அதனைப் பொரிக்கும் எண்ணெயும் விலைக்கு வந்தது. பின் தொடர்ந்த போர்க்காலத்தில் வீதிகள் மூடப்பட்டதும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டதும், உரமும் எரிபொருளும் இன்றி அங்குள்ள செய்கை தளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. பொரியல் என்பது அந்நாள்களில் அன்றாட உணவாகவன்றி, விருந்தினர்க்கும் நோயினின்று தேறியோர்க்கும் உரிய சிறப்புணவாகக் கருதப்பட்ட இல்லங்கள் பல.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், 2022இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியும் பழைய பாடத்தை மீண்டும் புகட்டின. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை அண்மித்தது. இந்தியா, பாக்கித்தான் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கிழங்கின்மீது உள்நாட்டு அறுவடைக் காலத்தில் வரியை உயர்த்துவதும் பின் தளர்த்துவதும் அரசின் வழக்கமாக இருந்துவருகின்றது. அவ்வரி ஏறும்போது வெலிமடை மகிழ நாவற்குடா வருந்துகின்றது. இறங்கும்போது நிலை மாறுகின்றது.

இதற்குத் தீர்வாகப் பாரம்பரிய உணவிற்கு மீளுதல் வேண்டும் எனக் கூறுவோர் உளர். அவர் சுட்டும் மரவள்ளியும் வற்றாளையும் உருளைக்கிழங்கைப் போன்றே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக ஆசியாவிற்கு வந்தவை என்பது வரலாற்று உண்மை. காலையிற் சம்பலுக்கு அரைக்கப்படும் செத்தல் மிளகாயும் அவ்வாறு வந்ததே. எனவே அயலிலிருந்து வந்தது என்பதால் ஓர் உணவு அயலுணவாகிவிடாது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. மரவள்ளித் தடியை நாவற்குடா வளவில் ஊன்றினால் அது வளரும். அதன் விலையைக் கொழும்பின் வரி தீர்மானிக்காது. உருளைக்கிழங்கோ சமையலறையில் முழுமையாகத் தமிழாகியும், சந்தையில் இன்னும் பிறர் ஆணைக்குட்பட்டதாகவே உள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, நாவற்குடாவின் காலைத் தாச்சியில் அந்தீசு மலைவாழ் மக்களின் வேளாண்மையும், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் திறந்த வணிக வழியும், ஒரு பாலமும் ஒரு புகையிரதப் பாதையும், இறக்குமதிச் சட்டங்களும், ஒரு சூறாவளியும் ஒருங்கே சந்திக்கின்றன எனலாம். இவற்றுள் எதனையும் அவ்வூர்ப் பெண்கள் தீர்மானிக்கவில்லை. அவர்கள் தீர்மானித்தது ஒன்றே: கிடைத்த கிழங்கை, கிடைத்த எண்ணெயில், எவ்வளவு நேரம் பொறுத்திருந்து புரட்டுவது என்பது. ஆண்டோரின் ஆவணங்களில் இடம்பெறாத அப்பொறுமையும் திறனும் மக்கள் வரலாற்றின் ஒரு பகுதியாகும். அதனை அறிந்த மூதாட்டியர் உள்ளபோதே கேட்டுப் பதிந்துவைத்தல், வரலாறு பயில்வோர்க்குக் காத்திருக்கும் கடமையாகும்.