காமிரா கை மாறிய கதை

டாக்டர் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய வைத்தியரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 'டவுன் சிண்ட்ரோம்' என்று இன்று வழங்கும் நிலையை 1866-ல் விவரித்து எழுதியவர் அவர்தான். எழுதியதோடு நில்லாமல், எர்ல்ஸ்வுட் விடுதியில் தம் பராமரிப்பில் இருந்தவர்களைப் புகைப்படமும் எடுத்தார். நோய்க்குறி தேடி எடுத்த படங்கள். உட்கார்ந்தவர்களை யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் மனிதர் இரக்கமுள்ளவர். 1868-ல் டெடிங்டனில் நார்மன்ஸ்ஃபீல்டு என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1879-ல் அங்கே அழகான நாடகக் கொட்டகை ஒன்றையும் கட்டினார். அந்தக் காலத்துச் சித்திரத் திரைச்சீலைகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இத்தகையவர்களுக்குக் கலை எதற்கு என்று அவர் கேட்கவில்லை பாருங்கள்! சட்டம்தான் பிறகு பின்னுக்குப் போயிற்று. 1913-ல் வந்த சட்டம் இவர்களை நாலு வகையாகப் பிரித்து, பெயர் சூட்டி, விடுதிகளில் அடைத்துவைக்க வழி செய்தது. 1959 வரையில் அது ஒழியவில்லை.

சினிமா என்ன செய்தது? 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் ஆட்டிசம் உள்ளவராக டஸ்டின் ஹாப்மன் நடித்து ஆஸ்கார் பரிசு பெற்றார். நல்ல நடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் வேஷம் வேஷம்தானே? 1996-ல் கான் விழாவில் 'எட்டாவது நாள்' என்ற படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் பாஸ்கல் டுகென், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். எனக்கு அந்தப் பரிசுதான் பெரிதாகப் படுகிறது.

நடித்தால் மட்டும் போதுமா? 2004-ல் பிரைட்டன் நகரில் 'ஆஸ்கா பிரைட்' என்ற திரைப்பட விழா பிறந்தது. (பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது, கவனித்தீர்களா?) 1982 முதல் அங்கே இயங்கிவந்த 'கரோசல்' என்ற கலை அமைப்பு அதற்குத் தாய்வீடு. அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் எடுத்த படங்களும், அவர்கள் நடித்த படங்களும் அங்கே திரையிடப்படுகின்றன. அதைவிட முக்கியம், எந்தப் படம் தேறும், எது தேறாது என்று தீர்மானிக்கும் நாற்காலியிலும் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். பிறர் தங்களைப் பார்த்து எழுதிய குறிப்புக்கு ஆளானவர்கள், பிறர் படத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார்கள்! தயவு தாட்சண்யத்தில் நடக்கும் விழா என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. பாஃப்டா பரிசுப் போட்டிக்குத் தகுதி தரும் விழாக்களில் அதுவும் ஒன்று.

2023 மார்ச்சில் 'ஆன் ஐரிஷ் குட்பை' என்ற குறும்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதில் நடித்த பெல்ஃபாஸ்ட் இளைஞர் ஜேம்ஸ் மார்ட்டினுக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டு. அன்று அவருடைய பிறந்த நாள். மேடையில் நன்றியுரைக்கென்று கொடுத்த கொஞ்ச நேரத்தையும் டைரக்டர்கள் இருவரும் அவருக்குப் பிறந்த நாள் பாட்டுப் பாடுவதில் செலவழித்துவிட்டார்கள். சபை முழுவதும் கூடப் பாடிற்று.