வெள்ளமா, தண்ணியா: எந்த அரபியைக் கத்துக்கிறது?

இந்த எபிசோட் திற்பரப்புல இருந்து ஆரம்பிக்குது. அருவிக்குப் பக்கத்துல ஒரு கடையில யாராவது "இத்திரி வெள்ளம் தாங்க"ன்னு கேட்டா, சென்னைக்காரருக்கு ஒரு நொடி திக்குன்னு இருக்கும். அவருக்கு வெள்ளம்னா 2015 டிசம்பர். கோதையாத்துக் கரையில அது குடிக்கிற தண்ணி. சக்கைன்னா நமக்குப் பிழிஞ்சு எறிஞ்சது, அங்க பலாப்பழம். 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு. மலையாளமும் தமிழும் ஒரே வாயில புழங்குற ஊர்.

ரப்பர் பால்வெட்டுக்குப் பேர் போன இந்தப் பக்கத்துல இருந்து வளைகுடாவுக்குப் போனவங்க ஏராளம். 1973-க்கு அப்புறம் எண்ணெய் விலை ஏறினதும் கேரளம் முழுக்க வீசின அலை இங்கயும் வீசுச்சு. போறதுக்கு முன்னாடி "கொஞ்சம் அரபி படிச்சுக்கோ"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. எந்த அரபின்னு யாரும் சொல்றதில்லை.

புத்தகத்துல இருக்குற அரபிக்குப் பேரு ஃபுஸ்ஹா. செய்தி, சட்டம், ஒப்பந்தம் எல்லாம் அதுலதான். ஆனா வீட்டுல யாரும் அதைப் பேசறதில்லை. 1959-ல சார்லஸ் ஃபெர்குசன்ங்கிற மொழியியலாளர் இப்படி எழுத்துக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணா வாழுற மொழிகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவரோட முதன்மை உதாரணங்கள்ல ஒண்ணு அரபி. அதே கட்டுரையில, இதுக்குக் கச்சிதமாப் பொருந்துற இன்னொரு மொழின்னு தமிழையும் சொல்றார். 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதிட்டு 'வந்துட்டிருக்கேன்'னு பேசுறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனா அரபியில பேச்சும் ஒண்ணு இல்லை. 'இப்போ'ன்னு சொல்லணும்னா ஃபுஸ்ஹாவுல 'அல்-ஆன்', கெய்ரோவுல 'தில்வஅத்தி', பெய்ரூட்ல 'ஹல்லஅ', துபாய்ல 'அல்ஹீன்', மொராக்கோவுல 'தாபா'. ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லை பாருங்க. குவைத்காரர் கோழியை 'தஜாஜ்'னு சொல்லாம 'தியாய்'னுவார்.

இதுல எகிப்து அரபிக்கு ஒரு தனி அதிர்ஷ்டம். கெய்ரோ சினிமா, உம் குல்தூம் பாட்டு, 1953-ல தொடங்கின 'அரபுகளின் குரல்' வானொலி. இதெல்லாம் சேர்ந்து அந்தப் பேச்சை அரபு உலகம் முழுக்க பழக்கிடுச்சு. மதுரைத் தமிழை நம்ம சினிமா எல்லார் காதுலயும் ஏத்தின மாதிரின்னு வச்சுக்கோங்க. படம், பாட்டு, நட்புக்காகப் படிக்கிறவங்க எகிப்தோ லெபனான் பக்கத்துப் பேச்சோ எடுக்கலாம்.

வேலைக்குப் போறவங்க கதை வேற. வளைகுடா அரபிக்கு பம்பாயோட பழைய உறவு உண்டு. 1959-ல நம்ம ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே தனி ரூபாய் நோட்டு அச்சடிச்சுது. 'நேரா'ங்கிறதுக்கு அங்க 'சீதா'ம்பாங்க, அது இந்தியில இருந்து போன சொல். அப்புறம் லட்சக்கணக்கான தொழிலாளிகள் போனதும் ஒரு உடைஞ்ச அரபியே பிறந்துச்சு. 'அனா மாஃபி மாலூம்', எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் 'ஃபி', 'மாஃபி' போதும். முதலாளியும் தொழிலாளிகிட்ட அதையேதான் பேசுவார். அதனால பத்து வருஷம் இருந்தவங்களுக்கும் அதைத் தாண்டி வராம போகலாம். இது மட்டம்னு நான் சொல்லமாட்டேன், தேவையில பிறந்த பேச்சு. ஆனா சம்பளப் பாக்கிக்காக வாதாட அது பத்தாது.

பாக்கின்னு சொன்னேன்ல, அதுவே அரபிதான். வக்கீல், அசல், நகல், வசூல், மாமூல் எல்லாம் பாரசீகம் வழியா நம்ம கச்சேரிக்கு வந்த அரபுச் சொற்கள்.

நர்ஸ் வேலைக்குப் போறவங்க கண்டிப்பா வளைகுடாப் பேச்சையே முதல்ல படிக்கணும்ங்கிறது என் கட்சி. குவைத்துல ஒரு பாட்டிகிட்ட 'எங்க வலிக்குது'ன்னு கேட்க 'வேன் யிஅவ்ரிச்' வேணும். புத்தக அரபியில கேட்டா, சென்னை வார்டுல நர்ஸ் 'தங்களுக்கு எவ்விடத்தில் வலி உள்ளது'ன்னு கேட்ட மாதிரி இருக்கும்.

அதுக்காக எழுத்தை விட்டுடாதீங்க. சவூதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தத்துல அரபு வாசகம்தான் செல்லும், பக்கத்துல இருக்கிற ஆங்கிலம் இல்லை. இருபத்தெட்டு எழுத்து, அப்புறம் எண்கள். எண்கள்ல ஒரு பொறி இருக்கு. அரபுல 5 நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமா இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி. சம்பளம் எழுதியிருக்கிற வரியில அந்தப் புள்ளி எத்தனை இருக்குன்னு எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.