மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

யூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும் தேர்பவனியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படிப்போர்க்குத் தெரியும்: யூபிலி முதன்முதலில் நிலத்தைப் பற்றிய சட்டமாகும். ஐம்பதாம் ஆண்டில், கைமாறிப்போன காணி பழைய உடையவனுக்கே திரும்ப வேண்டும். காணி என்றால் தண்ணீரும் சேர்ந்ததுதானே! ஆகவே நம் பங்கின் யூபிலி மலரில் ஒரு தண்ணீரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்து உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் பெருமாள் ஏரி வானத்து மழையை மட்டும் நம்பியிருக்கும் ஏரி அன்று. 1961-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட நாள் முதல், கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்து வருகிறார்கள். அதில் ஒரு பகுதி பரவனாறு, வாலாஜா ஏரி வழியாக நம் பக்கம் வந்து சேர்கிறது. நிலத்தடி நீர் தாழ்கிறதே என்ற கவலையும் அதோடு கூடவே வருகிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. நமக்குப் பூமியின் அடியிலிருந்து நீர் ஏறி வருவது போல, தெற்கே மதுரைச் சீமைக்கு மலைக்கு அப்பாலிருந்து நீர் வருகிறது. அந்தப் பெரியாற்றுச் சுரங்கத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பெரியாறு என்றால் எல்லாரும் அணையைத்தான் பேசுவர். எம் எண்ணத்தில் அணை பாதி, சுரங்கம் பாதி. பெரியாறு மேற்கு மலைத்தொடரில் பிறந்து அரபிக் கடலுக்கு ஓடும் ஆறு. மலையின் கிழக்குச் சரிவிலோ வைகை பல மாதம் வெறும் மணலாய்க் கிடக்கும். ஆற்றை மறித்து நீர்மட்டத்தை உயர்த்தினால், தேங்கும் நீர் தேக்கடி வரை பின்வாங்கி நிற்கும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் திறந்த வாய்க்கால். அதன்பின் மலையைக் குடைந்து 5,704 அடி நீளம், 12 அடி அகலம், ஏழரை அடி உயரமுள்ள சுரங்கம். மறுபக்கம் இறங்கும் நீர் வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையைச் சேர்கிறது. அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் நீர் இச்சுரங்கத்தில் ஏறாது. ஆகவே அணை நீரைச் சேர்த்து வைப்பதற்கு மட்டுமன்று, சுரங்க வாயின் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவதற்கும் கட்டப்பட்டதாகும்.

இந்த யோசனை வெள்ளைக்காரர் மூளையில் மட்டும் உதித்ததன்று. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையைப் பார்வையிடச் செய்தார், பணமில்லாமல் நின்றது. 1808-ல் காப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். பின்பு வந்தது 1876-ஆம் ஆண்டின் தாது வருடப் பஞ்சம். நம் புதுவை மிஷனில் பெருந்தொகையான ஏழைகள் ஞானஸ்நானம் பெற்றது அப்பஞ்ச காலத்தில்தான். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகே சர்க்கார் விழித்துக்கொண்டது. 1882-ல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் குத்தகை எழுதினர்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 999 ஆண்டுகள்! ஐம்பது ஆண்டுக்கு மேல் குத்தகையை நீட்டாத மோயீசன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! 1970-ல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீர்மட்டத்தைப் பற்றிய வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி அளித்தது. ஆயினும் இரு மாநிலத்தார் மனமும் இன்னும் ஆறவில்லை.

1887-ல் வேலை தொடங்கிற்று. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் சேர்த்த காரையால் அணை எழுந்தது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போனதுண்டு. மலைக்காய்ச்சல் மிகுந்த கோடை மாதங்களில் வேலையை நிறுத்தி எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள். சென்னைப் பயனியர் படையினர் உழைத்தனர். மலையடிவாரத்துக் கூலியாட்கள் உழைத்தனர். ஆற்றைத் தற்காலிகமாகத் தடுக்கும் வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வம்சத் தச்சர்கள் வந்தனர். இத்தச்சர்கள் நம் மார்க்கத்தினராகவே இருந்திருப்பர் என்று ஊகிக்கிறோம். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களும், இராயப்பன்பட்டி முதலான நம் சபையார் நிறைந்த ஊர்களின் பசுமையும் அந்நீரால் செழிப்பவையே.

பென்னிகுயிக் தம் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று தேனிப் பக்கம் சொல்லாத வீடில்லை. அதற்குச் சான்று கிடைக்கவில்லை. திட்டம் அரசாங்கப் பணத்தில் நடந்ததாகும். எனினும் மக்கள் அன்பு பொய்யன்று. பொங்கலோடு சேர்த்து ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. தகுதியுள்ளவருக்குத் தகுந்த மரியாதை.

ஆனால் நம் மனத்தைத் தொடுவது வேறொரு கணக்கு. அந்த வேலையின்போது நோயினால் மாண்டவர் 483 பேர். அணைக்கு வடக்கே அடக்கம் செய்தார்கள். 483 என்ற எண் தெரிகிறதே தவிர, பெயர்களை நாம் கேள்விப்படவில்லை. நம் பங்கு ஆலயத்தில் இறப்புப் பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கிறதே, அதில் மிராசுதாருக்கும் ஒரு வரிதான், பண்ணையாளுக்கும் ஒரு வரிதான். பெயர், ஊர், தகப்பன் பெயர், அடக்கம் செய்த தேதி. அந்த ஒரு வரிகூட இவர்களுக்கு வாய்க்கவில்லை. எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள், யாருடைய பிள்ளைகள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் எத்தனை நாள் வழி பார்த்திருந்தார்கள் என்பதெல்லாம் மண்ணோடு போயிற்று.

வரும் நவம்பர் 2-ந் தேதி சகல ஆன்மாக்கள் திருநாள் பூசைக்கு, நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்வோர் பெயர்ப் பட்டியலோடு, ‘பெரியாற்று மலையில் மாண்ட 483 பேர்’ என்றும் எழுதிச் சாமியாரிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் எந்த மதத்தார் என்று சாமியார் கேட்கவில்லை.