உயிரியல் பயங்கரவாதத் தயார்நிலை: தமிழ்நாடு

நோய்க்கிருமிகளையோ அவற்றின் நச்சையோ வேண்டுமென்றே பரப்பி மக்களையும் கால்நடைகளையும் பயிர்களையும் தாக்குவது உயிரியல் பயங்கரவாதம். தமிழ்நாட்டில் இதற்கான தற்காப்பு, கொள்ளைநோய்களோடு நெடுங்காலம் போராடிய பொதுச் சுகாதாரத் துறையின் மேல்தான் எழுந்தது.

பம்பாய் பிளேக்கை ஒட்டி 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. கிண்டி கிங் நிலையம் பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரித்தது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. 1977இல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டபின் அம்மை குத்துவதும் நின்றது. பின்னர் பிறந்தவர்களுக்கு அந்த எதிர்ப்புத்திறன் இல்லை. பெரியம்மை இன்றும் ஆயுதமாக அஞ்சப்படுவது அதனால்தான்.

உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கையை இந்தியா 1974இல் உறுதிசெய்தது. ஆனாலும் நோயை முன்கூட்டியே கண்டறியும் வலை நாட்டில் எவ்வளவு பலவீனம் என்பதை 1994 சூரத் பிளேக் காட்டியது. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த அஞ்சல்களால் 22 பேர் நோயுற்று, ஐவர் இறந்தனர். தமிழகக் கால்நடை வளர்ப்போருக்கு ஆந்த்ராக்ஸ், அடைப்பான் என்ற பெயரில் பழகிய நோய். அதற்கான தடுப்பூசி, 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு நிலையத்தில் தயாராகிறது. செத்த மாட்டை அறுக்காமல் ஆழப் புதைக்கச் சொல்லும் கால்நடை மருத்துவரின் அறிவுரையும் இத்தற்காப்பில் சேர்ந்ததே.

2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர் முதல் ஆய்வகம் வரை வாராவாரம் அறிக்கை அனுப்பும் முறை உருவானது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ ஓரிடத்தில் திடீரெனக் கூடினால், அது இயல்பாக வந்ததா, யாரேனும் பரப்பியதா என்று தெரியும் முன்பே தடுப்பு வேலை தொடங்கியாக வேண்டும். ஆகவே இந்த அறிக்கைகளே முழு ஏற்பாட்டின் உயிர்நாடி. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் பேரழிவு ஆயுதத் தடைச் சட்டமும் நிறைவேறின. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படைப் பிரிவு உயிரியல் ஆபத்துகளைக் கையாளவும் பயிற்சி பெற்றது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008இல் வெளியிட்ட உயிரியல் பேரிடர் வழிகாட்டுதல்கள் கால்நடைகளையும் பயிர்களையும் சேர்த்துக்கொண்டன. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர் மாவட்ட வேப்பந்தட்டை வட்டாரத்துக்கு இது முக்கியம். 2018இல் இந்தியாவுக்குள் புதிதாக நுழைந்த படைப்புழு, அதே ஆண்டில் பெரம்பலூர் மாவட்ட மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதில் சதி ஏதுமில்லை. ஆனால் அறியாத பூச்சியொன்று ஒரே பருவத்தில் எவ்வளவு இழப்பை உண்டாக்கும் என்பதை உழவர்கள் கண்டார்கள்.

மனிதரிடையே பரவும் நோயிலும் இதே தற்காப்பு சோதனைக்கு உள்ளானது. 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கொரோனா பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பரவியது. திரும்பியவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, தனிமைப்படுத்தியது மாவட்டச் சுகாதாரத் துறை.