ஊறுகாய் ஜாடியும் உப்பு வரியும்

பங்குனி, சித்திரை மாதங்களில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி மொட்டை மாடிகளில் பாய்களும் பழைய வேட்டிகளும் விரிந்திருப்பதைக் காணலாம். அவற்றின் மேல் வடாம், மோர்மிளகாய், சுண்டை வற்றல் ஆகியவை காயும். சமையலறைப் பீங்கான் ஜாடியில் மாவடு ஊறும். மலிவான காலத்தில் வாங்கி, கிடைக்காத காலத்திற்குச் சேமிக்கும் இச்சிக்கன முறைக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு: வெயில், உப்பு. வெயிலுக்கு யாரும் வரி போட்டதில்லை. உப்புக்கோ ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வரி இருந்தது.

உப்பு செய்யும் வேலை

மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் ஊறியிருக்கும். காயின் தோல் சுருங்கியிருக்கும். காயினுள் இருந்த நீரே வெளியே வந்துள்ளது. சவ்வூடு பரவல் எனப்படும் இந்நிகழ்ச்சியை 1748-இல் பிரான்சு நாட்டு நொல்லே ஆராய்ந்தார். இதற்குக் கணித விளக்கம் தந்த வான்ட் ஹாஃப், 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார்.

நுண்ணுயிர்களின் உடலிலிருந்தும் உப்பு இவ்வாறே நீரை இழுக்கிறது. ஓர் உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அந்நீர் நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நிலையில் உள்ளதா என்பதே முக்கியம். தூய நீரின் பயன்படு நிலையை 1 எனக் கொண்டால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர 0.9-க்கு மேல் வேண்டும். இனிமேல் கரையாது என்னும் அளவு உப்புக் கரைந்த நீரில் அது 0.75 மட்டுமே.

வற்றலில் இதே வேலையை வெயில் முடித்து வைக்கிறது. காயிலிருந்து 800 கிராம் நீர் ஆவியாக வேண்டிய வெப்பத்தை மின்சாரத்தால் பெற்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். மாடியில் அது இலவசம்.

கோவளத்து உப்பு

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கோவளம், கேளம்பாக்கம் பகுதியில் கழிநீரைப் பாத்திகளில் தேக்கி உப்பு விளைவிப்பது பழைய தொழில். கடல் நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கடல் நீர் தேவை. இவ்வாறு விளைந்த உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயில் படகுகளில் சென்னைக்குச் சென்றன.

ஏழையின் மீது விழுந்த வரி

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கடலோரத்தில் தானே படிந்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. 1876-78-இல் தாது வருடப் பஞ்சம் மக்களை வாட்டியது. அப்போதுதான், சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்பின் மீதான வரி 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது.

உப்பின் விலை கூடினால் பதப்படுத்துதல் கெடும் என்பதற்கு மீனவர்களின் நிலையே சான்று. நல்ல உப்பு வாங்க இயலாதவர்கள் உவர்மண்ணில் மீனைப் பதப்படுத்தினர். கருவாடு விரைவில் கெட்டது. பின்னர் அரசே மீன் உப்பிடும் முற்றங்களை அமைத்து, அங்கு மட்டும் வரியில்லா உப்பு வழங்கியது. வீட்டில் ஊறுகாய் போடுவோருக்கு அச்சலுகை இல்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்து சென்று உப்பு அள்ளியதன் பொருள் இதனால் விளங்கும். உப்பு வரி 1947-இல் நீங்கியது.

இன்றைய நிலை

இன்று உப்பு மலிவு. பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டியும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது. உடல்நலம் கருதி ஜாடியில் உப்பைக் குறைப்போர், அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும். உப்பு குறைந்த ஜாடியில் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் மீண்டும் கிடைத்துவிடும் என்பதை மறக்கலாகாது.