ஒரு நிமிஷ டெஸ்ட்: திண்டுக்கல்லில் நடந்த கதை

போன வாரம் ஊருக்கு, கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். ரொம்ப யோசிச்சு அம்மாகிட்ட கேட்டேன்: "ம்மா, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு எப்பவாச்சும் டெஸ்ட் எடுத்திருக்கியா?" அம்மா கையில இருந்த முறத்தைக் கீழ வைக்கவே இல்லை. "எனக்கென்னல, நல்லாத்தான இருக்கேன்." பேச்சு முடிஞ்சுது.

அம்மாவுக்கு 54 வயசு. இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. வெள்ளைப்படுதல்னா உடம்பு சூடு, இடுப்பு வலின்னா வேலை அலுப்பு. எங்க கரிசல் காட்டுல பாதி பொம்பளைங்க இப்படித்தான் காரணம் சொல்லிக்குவாங்க. ஆனா இந்த நோய் வர்றதுக்கு முன்னாடி, பல வருஷம் எந்த அறிகுறியும் இல்லாம செல்கள் மட்டும் மாறிட்டு இருக்கும். அந்த இடைவெளியில பிடிச்சா, புற்றுநோயே வராம தடுக்கலாம். 'நல்லாத்தான இருக்கேன்'னு சொல்ற நேரம்தான் டெஸ்ட் எடுக்க வேண்டிய நேரம்.

அதுக்கான ஆதாரம் மதுரைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கு.

பாப் ஸ்மியர் டெஸ்டுக்கு லேப் வேணும், ஸ்லைடு பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும், ரிசல்ட்டுக்கு மறுபடி வரணும். தினக்கூலி வாங்குறவங்களுக்கு ரெண்டாவது தடவை வர்றதுன்னா இன்னொரு நாள் கூலி போச்சு. அதனால 2000-ல அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மையம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், பிரான்ஸ்ல இருக்கிற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எல்லாம் சேர்ந்து எளிமையான ஒரு முறையைச் சோதிச்சாங்க. பயிற்சி எடுத்த நர்ஸ், கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவாங்க. நம்ம வினிகர்ல இருக்கிற அதே அமிலம்தான். ஒரு நிமிஷத்துல, மாறின செல்கள் இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். ரிசல்ட் அப்பவே கையில.

30 முதல் 59 வயசு வரை உள்ள பெண்களை ஊர் ஊரா ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுல 49,311 பேர். இவங்களை டெஸ்டுக்குக் கூப்பிட்டாங்க. இன்னொரு குழுவுல 30,958 பேர். இவங்களுக்கு வழக்கமான சிகிச்சை வசதி மட்டும்தான்.

முடிவு 2007-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. கூப்பிட்ட குழுவுல இந்த நோயால 83 பேர் இறந்திருந்தாங்க. ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவா இருந்த இன்னொரு குழுவுல 92 பேர். கணக்குப் போட்டா நோய் 25 சதவீதம், மரணம் 35 சதவீதம் குறைஞ்சிருந்தது. அதுவும் ஒரே ஒரு தடவை செஞ்ச டெஸ்ட்ல.

இங்க ரெண்டு விஷயம் என்னை உறுத்துது. ஒண்ணு, அந்த 92 பேர். தடுக்கக்கூடிய நோய்னு தெரிஞ்சும் ஒரு குழுவை டெஸ்ட் இல்லாம விட்டது சரியான்னு பிற்பாடு பொது சுகாதார வட்டாரத்துல கடுமையான விவாதம் நடந்துச்சு. நியாயமான கேள்வி. நாம இன்னிக்குக் கையில வச்சிருக்கிற ஆதாரத்துக்கு அவங்களும் விலை கொடுத்திருக்காங்க.

ரெண்டாவது, கூப்பிட்டும் வராதவங்க. 49,311 பேர்ல வந்தது 31,343 பேர். கிட்டத்தட்ட 18,000 பேர் வரவே இல்லை. கருவி இருந்துச்சு, நர்ஸ் இருந்தாங்க. ஆனாலும் மூணுல ஒருத்தருக்கு மேல வரலை. என் அம்மா மாதிரி எத்தனை பேரோ!

2007-ல தேனி, தஞ்சாவூர் மாவட்டங்கள்ல அரசு இதே முறையை முன்னோட்டமா ஆரம்பிச்சது. அப்புறம் 2012-ல மாநிலம் முழுக்கப் பரவுச்சு. இன்னிக்கு அரசு மருத்துவமனையில இலவசம். 30 வயசு தாண்டின பெண்கள் எடுக்கலாம். தடுப்பூசி போட்டவங்களுக்கும் இது தேவைதான்.

கிளம்புறப்போ இதெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். பதில் இல்லை. பஸ் ஏறுனதுக்கு அப்புறம் போன் வந்துச்சு: "ஏல, அங்க பொம்பள நர்ஸ்தான இருப்பாக?"

ஆமாம்மான்னு சொன்னேன். "அப்போ உங்க சித்தியையும் கூட்டிட்டுப் போறேன்"ன்னு வச்சிட்டாங்க.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.