விதைக்குமுன் வரும் தெளிவு

சின்னசேலத்தைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் விதைக்கும் உழவரை நாம் அறிவோம். கல்வராயன் மலைமீது கருக்கும் மேகத்தைப் பார்ப்பார். மண்ணைக் கையிலெடுத்து நசுக்கிப் பார்ப்பார். "நாளை விதைக்கலாம்" என்பார். காரணம் கேட்டால் முழுமையாகச் சொல்ல அவரால் இயலாது. ஆயினும் அது குருட்டு ஊகம் அன்று. பெய்த மழையும் பொய்த்த மழையும் ஆண்டாண்டாய் அவருள் படிந்து பேசும் குரல் அது. அதனையே உள்ளுணர்வு என்கிறோம்.

ஒரு வயலின் விதைப்புத் தவறினால் ஒரு குடும்பம் வாடும். ஒரு நாட்டின் விதைப்பையே தீர்மானிக்க வேண்டியவரின் நிலை யாது?

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். 1964-இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சரானார். 1965-இல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது. அந்நிலையில்தான், 1966-இல், 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை மெக்சிகோவிலிருந்து தருவிக்க அவர் துணிந்தார். அந்நியச் செலாவணி அரிதாயிருந்த நேரம் அது. புதிய ரகம் நம் மண்ணுக்கு ஒவ்வாது என்றும், வசதி படைத்தோருக்கே பயன்படும் என்றும் எதிர்ப்புகள் எழுந்தன.

இது வெறும் துணிச்சலா? அன்று. எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளருக்கு அவர் செவிசாய்த்தார். 1965-இலேயே 250 டன் விதை தருவிக்கப்பட்டது. உழவர் வயல்களில் செயல்விளக்கங்கள் நடந்தன. டெல்லியில் தம் இல்லத்துப் புல்வெளியிலும் கோதுமை விதைத்தார். எனினும், சான்றுகள் ஓர் எல்லை வரைதான் வழிகாட்டும். எஞ்சிய தூரத்தை யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றுக் கடந்தாக வேண்டும். உள்ளுணர்வு தேவைப்படுவது அங்கேதான்.

1967 தேர்தலில் அவர் தோற்றார், பதவி போயிற்று. 1968-இல் அறுவடை வந்தது: ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் டன் கோதுமை! மூன்றாண்டுகளுக்கு முன் அது சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாகவே இருந்தது. 1998-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

பஞ்சாபில் பின்னர் நிலத்தடி நீர் தாழ்ந்ததையும் மண் நலிந்ததையும் நாம் மறக்கலாகாது. உள்ளுணர்வு அனைத்தையும் முன்னறிவதில்லை. ஆதலால் அதற்குப் பணிவும் துணைநிற்க வேண்டும்.

குடும்பத்தையோ பள்ளியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நடத்தும் நாம், முடிவெடுக்கும் வேளையில் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நம்முள் பேசுவது பட்டறிவா, பிடிவாதமா? சிறு பாத்தியில் விதைத்துப் பார்த்தோமா? விளையாவிடில் பழியை ஏற்போமா? மூன்றுக்கும் நேர்மையாய் விடை கூற முடிந்தால், மேகம் முழுவதும் திரளுமுன்னரே நாம் விதைக்கலாம்.